சரிபார்த்தவர் பெயர்

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் என்மேல் பரிதாபப்பட்டார்கள். நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பட்டணஷெட்டி சார் கண்ணுலயே படலேன்னா, பாவம், அவர் என்ன பண்ணுவார்?" என்றாள் ஹரிணாக்ஷி, என்னைக் காட்டி. எங்கள் பிரிவுக்கு மேலாளர், வயதில் என்னைவிடச் சின்னவள், 'ஐயா' என்பதற்கு 'மாராயரே' என்கிற மங்களூர்க்காரி. "இருக்கிற வரியில தப்பு இருந்தா ரிவ்யூல பிடிக்கலாம். இல்லாத வரியை யாரு மாராயரே பிடிக்க முடியும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மேஜைக்கு எதிர்ப்பக்கம் கெம்பராஜ் உட்கார்ந்திருந்தான். இந்தப் பேச்சுக்கெல்லாம் காரணமான கம்ப்யூட்டர் நிரலை எழுதியவன் அவன். அவன் தலையாட்டவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

இல்லாத வரி என்கிறாளே, அது இருந்தது. எடுக்கச் சொன்னவன் நான்.

நாங்கள் பெங்களூர் ஜெயநகரில் ஒரு சின்ன கம்பெனி. நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று, மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்புக்குள் தள்ளும் இயந்திரம் செய்கிறோம். குழாயில் காற்றுக்குமிழி வந்தால் இயந்திரம் உடனே நின்று கத்த வேண்டும். தாவணகெரேயில் ஒரு ஆஸ்பத்திரியில் குமிழி வந்தது, இயந்திரம் கத்தவில்லை. நர்ஸ் ஒருத்தி தற்செயலாகக் குழாயைப் பார்த்து, கையால் மடக்கிப் பிடித்து நிறுத்திவிட்டாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்திருந்தால்?

முதலில் யாரும் நம்பவில்லை. சோதனைப் பிரிவு உமாபதிதான் விடாப்பிடியாக இயந்திரங்களை வரிசையாக மேஜையில் அடுக்கி, குழாயில் காற்றை ஏற்றிக்கொண்டே பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தான். நானும் அவனும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என்னைக் கிண்டலாகக் குரு என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் மத்தியானம் என் இடத்துக்கு வந்து நின்றான்.

"குரு, பிடிச்சுட்டேன். நர்ஸ் பொத்தானை அமுக்குற அதே நேரத்துல குமிழி வந்தா, குமிழி காணாமப் போகுது. பொத்தான் சத்தம் கேக்குது, அலாரம் கேக்கல. உங்க சிஷ்யன் வேலை."

"என் சிஷ்யன்னு யாருமில்ல" என்றேன்.

"அப்போ உங்க பேர் ஏன் கீழ இருக்கு?"

எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். எந்த நிரலும் எழுதியவன் கையோடு இயந்திரத்துக்குள் போய்விட முடியாது. இன்னொருவர் வரிவரியாகப் படித்து, குறிப்பு எழுதி, ஒப்புக்கொள்ள வேண்டும்; ரிவ்யூ என்பது அதுதான். கடைசியில் இரண்டு பெயர்கள் நிற்கும்: எழுதியவர், சரிபார்த்தவர். எங்கள் கம்பெனியின் பாதி நிரல்களில் இரண்டாவது பெயர் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இயந்திரத்துக்குள் ஒரு சிப் இருக்கிறது. பொத்தான், குமிழி, மூடி என்று எது நடந்தாலும் அது ஒரே ஒரு மணியை அடித்துக் கணினியைக் கூப்பிடும். இன்டரப்ட் என்கிறோமே, அது இந்த மணிதான். கணினி செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போய், யார் கூப்பிட்டது என்று பார்த்து, கவனித்துவிட்டுத் திரும்ப வேண்டும். வீட்டு வாசல் மணி மாதிரிதான். பால்காரர் மணி அடிக்கிறார், கதவைத் திறக்கிறோம். பால் வாங்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே கேஸ்காரர் வருகிறார். கதவுதான் திறந்திருக்கிறதே என்று அவர் மணி அடிப்பதில்லை. நாம் பாலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டால், அவர் வெளியிலேயே நிற்பார். அதனால் சாத்துவதற்கு முன் இன்னொரு முறை எட்டிப் பார்க்க வேண்டும்.

கெம்பராஜ் எட்டிப் பார்த்திருந்தான். யாரும் மிச்சமில்லை என்று தெரியும்வரை திரும்பத் திரும்பப் பார்க்கிற மாதிரி அழகாக எழுதியிருந்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு இன்னொரு வழக்கம் உண்டு. பெரிய தப்பு என்று நான் நினைப்பதை ரிவ்யூவில் எழுத மாட்டேன். எழுதினால் காலத்துக்கும் நிற்கும், யார் வேண்டுமானாலும் படிப்பார்கள், எழுதியவன் மனசு நோகும். அதனால் ஆளைக் கீழே தர்ஷினி ஓட்டலுக்குக் கூட்டிப்போய், ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கிடும் பை-டூ சொல்லி, நின்றபடியே சொல்லிவிடுவேன். அவர்களும் மேலே வந்து திருத்தி, பழையதையும் புதியதையும் ஒன்றாக்கி, பழையதன் சுவடே தெரியாமல் சுத்தமாக அனுப்புவார்கள். பட்டணஷெட்டி சார் யாரையும் எழுத்தில் அவமானப்படுத்த மாட்டார் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டு மனசுக்குள் பூரித்துப் போயிருக்கிறேன்.

கெம்பராஜையும் அப்படித்தான் கூட்டிப்போனேன்.

"என்னப்பா, மணி அடிச்சதும் போனோமா, வந்தோமான்னு இருக்க வேண்டாமா? அங்கேயே உக்காந்து சுத்திச் சுத்தி என்ன பார்க்கிறே?"

"இல்ல சார், இந்தச் சிப்புல..."

"எந்தச் சிப்பா இருந்தா என்ன? இன்னும் ஆள் நின்னா மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். தானா மறுபடி கூப்பிடும். அந்த நாலு வரி தண்டம்."

"புது போர்டுல சிப் மாத்தியிருக்காங்க சார். இது ஒரு தடவைதான்..."

"கெம்பா, நீ ஸ்கூல்ல டவுசர் போட்டுட்டு இருந்தப்போ நான் இதைத்தான் எழுதிட்டிருந்தேன். எடுத்துடு."

அவன் காபியைக் கீழே வைத்தான். "சரி சார்" என்றான். சாயங்காலம் வரிகள் இல்லை. நான் ஒப்புதல் கொடுத்தேன்.

நான் சொன்னது பழைய சிப்புக்குச் சரி. அது ஆள் உள்ளே வரும்வரை விடாமல் மணி அடிக்கும் ஜாதி. புதியது ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதன் கையேட்டைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் படிக்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

கூட்டத்தில் உமாபதி பலகையில் இதையெல்லாம் வரைந்து காட்டும்போது எனக்குக் காது சூடாகிக்கொண்டே வந்தது. இப்போது கெம்பராஜ் வாயைத் திறப்பான், திறந்ததும் 'ஆமாம், நான்தான் சொன்னேன்' என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவன் திறக்கவில்லை. நானாக ஆரம்பிக்க நாக்கு எழவில்லை. அடுத்த பேச்சில் சொல்லலாம், இவர் முடிக்கட்டும், அவர் முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் முடிந்துவிட்டது. கோழை என்பதைத் தவிர இதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

கெம்பராஜுக்கு மைசூரில் குடும்பம். மனைவி அங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், பெண் குழந்தை இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறது. இவன் இங்கே பனசங்கரியில் ஒரு பிஜி விடுதியில் நாலு பேரோடு படுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறுவான், திங்கட்கிழமை காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பான். மைசூரில் எங்களுக்கு ஒரு கிளை வரப்போகிறது. அதற்குத் தலைமை இவன்தான் என்று பேச்சு முடிந்திருந்தது. சிபாரிசு எழுதிக் கொடுத்தவன்கூட நான்தான். மாமனார் வீட்டுப் பக்கத்திலேயே வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டான் என்று கேள்வி.

கூட்டம் நடந்த வாரத்திலேயே ஹரிணாக்ஷியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மைசூர் பொறுப்பு புணேயிலிருந்து வரும் ஒருவருக்கு என்று அதில் இருந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை.

அன்றைக்கு வீட்டில் என் மனைவி சுநந்தா ஜோளத ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் தட்டை நகர்த்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைத் துடைக்காமலே கேட்டாள்.

"அந்தப் பையன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலியா?"

"சொல்லல."

"அப்போ நீங்க சொல்லணும். இதுக்கு என்கிட்ட என்ன யோசனை கேக்கறீங்க? நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையா சொல்லுங்க. சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க."

மறுநாள் காலை நேராக ஹரிணாக்ஷியின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"சார், உங்களை மாதிரி ஆள் இந்தக் காலத்துல எங்க சார் இருக்காங்க?"

"என்ன சொல்றே நீ?"

"போன வருஷம் பேட்டரி விஷயத்துலயும் இதையேதான் பண்ணீங்க. யாரோ பண்ண தப்பை உங்க தலையில போட்டுக்கிட்டீங்க. எனக்குத் தெரியாதா? அவனுக்கு மைசூர் போச்சுன்னு உங்களுக்குப் பொறுக்கல."

"ஐயோ, அது வேற. இது நிஜமாவே நான் சொன்னதும்மா. தர்ஷினியில, நின்னுக்கிட்டு..."

"ரிவ்யூல இருக்கா?"

"இல்ல. நான் எழுத மாட்டேன்னு உனக்குத் தெரியுமே."

"பழைய வரி எங்கயாவது இருக்கா?"

"ஒண்ணாக்கித்தானே அனுப்புவாங்க. இருக்காது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முழுக்க மரியாதை. பேட்டரி விஷயத்தில் நான் சொன்னது பொய், அதை நம்பாமலேயே ஏற்றுக்கொண்டாள். இன்றைக்கு உண்மையைச் சொல்கிறேன், காதில் ஏற மாட்டேன் என்கிறது. அவனையே கூப்பிட்டுக் கேள் என்று பிடிவாதம் பிடித்தேன். கூப்பிட்டாள். கெம்பராஜ் வந்து கதவோரமாக நின்றான்.

"கெம்பராஜ், அந்த வரிகளை எடுக்கச் சொன்னது தான்தான்னு சார் சொல்றார்."

அவன் என்னைப் பார்த்தான். கூட்டத்துக்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தான். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

"எடுத்தது நான்தான் மேடம்" என்றான். "மாத்தின கோட் சாயங்காலம் வருது. உமாபதி சார் டெஸ்ட் முடிச்சதும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிடலாம்."

"பார்த்தீங்களா?" என்றாள் ஹரிணாக்ஷி என்னிடம், மெதுவாக. அன்று மத்தியானத்துக்குள் நான் கெம்பராஜைக் காப்பாற்றப் பார்த்த கதை மாடி முழுக்கப் பரவிவிட்டது. லிஃப்டில் யாரோ ஒரு புதுப் பையன் எனக்கு வழி விட்டு வணக்கம் வைத்தான். உமாபதி மட்டும் எதிரே வந்தபோது ஒன்றும் கிண்டல் செய்யாமல் போனான். அவன் கிண்டல் செய்யாமல் போனது அதுதான் முதல் தடவை. நான் சொன்னது உண்மையென அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் கெம்பராஜின் திருத்தம் வந்தது. சரிபார்க்க என் பெயரைத்தான் போட்டிருந்தான். வேறு யாரையும் போட முடியாது, ஆபீசில் நிரல் எழுதுகிறவர்களில் அந்தச் சிப்பைப் பற்றி இப்போது படித்திருப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டேன், தாமதமாக.

நிரலில் குறை ஒன்றும் இல்லை. அதே நான்கு வரிகள், அதே அழகு. மேலே, எதற்காக இந்தத் திருத்தம் என்று எழுதும் இடத்தில் இப்படி இருந்தது: 'வெளியேறும் முன் மறுபடி பார்க்கும் வரிகள் முதலில் இருந்தன. தேவை என்று தெரிந்தும் நீக்கினேன். அதனால் குமிழி எச்சரிக்கை தவறியது. திரும்பச் சேர்த்திருக்கிறேன்.'

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தேன். ரிவ்யூவில், எல்லோரும் பார்க்கும்படி, எழுத்தில் போட்டேன்: 'இரண்டாவது வாக்கியம் தவறு. நீக்கச் சொன்னவன் நான். அப்படியே மாற்றி எழுதவும்.' அனுப்பியதும் மூச்சு கொஞ்சம் லேசானது. அப்பாடா, இனி காலத்துக்கும் நிற்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் அவனே என் மேஜைக்கு வந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். என் முன்னால் அவன் கேட்காமல் உட்கார்ந்ததே இல்லை.

"மாத்த மாட்டேன் சார்."

"ஏன்டா?"

"அது சரியாத்தான் இருக்கு."

"கெம்பா, எனக்காக நீ பழி சுமக்க வேண்டாம். நான் கெஞ்சிக் கேக்கறேன்."

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல சார்." குரலைத் தாழ்த்தினான். "நீங்க எடுன்னு சொன்னப்போ அது தப்புன்னு எனக்குத் தெரியும். அந்தக் கையேட்டை அக்கு அக்காப் படிச்சிருந்தேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், ரெண்டாம் தடவை சொல்லிப் பார்த்தேன். மூணாவது தடவை சொல்லியிருக்கணும். மேல வந்து எழுதியிருக்கணும். எழுதல. ஏன் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை.

"அந்த வாரம்தான் மைசூருக்கு நீங்க சிபாரிசு எழுதறதா இருந்தீங்க. உங்களோட வாதாடி ஜெயிச்சவங்க யாரையும் நீங்க எங்கயும் அனுப்பினதில்ல சார். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். குழந்தை முகத்தை நினைச்சேன், எடுத்துட்டேன். மனுஷங்க உடம்புல போற மெஷின்னு தெரிஞ்சே எடுத்தேன். நீங்க தெரியாம சொன்னீங்க, நான் தெரிஞ்சு செஞ்சேன். இதுல யார் பேர் வரணும்?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டித் தடுத்தான். அதுவும் புதிது.

"போன தடவை நீங்க சொன்னீங்கன்னு மாத்தினேன். இந்தத் தடவை மாத்த மாட்டேன். நீங்க ஓகே குடுக்காம இது வெளிய போகாது, ஆஸ்பத்திரிங்க காத்துட்டு இருக்கு. வேணும்னா உங்க குறிப்பு அங்கயே இருக்கட்டும், யாரும் நம்பப் போறதில்ல. ஓகே குடுங்க சார்."

அவன் எழுந்து, நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாவணகெரேயில் அந்த நர்ஸ் இப்போது எத்தனை இயந்திரங்களைக் கண்ணாலேயே காவல் காத்துக்கொண்டிருக்கிறாளோ. ஒப்புதல் கொடுத்தேன். சரிபார்த்தவர் என்று என் பெயர் தானாகப் போய்க் கீழே உட்கார்ந்தது.

ஒரு நிரலைத்தான் கெடுத்தோம் என்று அதுவரை நினைத்திருந்தேன், அதற்கே தூக்கம் போயிருந்தது. இப்போது கணக்கு வேறு. எத்தனை பேரை அந்தத் தர்ஷினியில் நிற்க வைத்திருக்கிறேன். எத்தனை பேர் பாதிக் காபியோடு 'சரி சார்' என்றிருக்கிறார்கள். அதில் எத்தனை சரி உண்மையில் சரி?

எனக்கு அடுத்த இடத்தில் அக்ஷதா உட்கார்ந்திருந்தாள். ஷிமோகாப் பெண், கெட்டிக்காரி. மூடி திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் பகுதியை அவள்தான் எழுதியிருந்தாள். அதையும் நான்தான் சரிபார்த்தேன், காபிக்கும் கூட்டிப்போயிருக்கிறேன். அவள் பதவி உயர்வுக் காகிதம் என் மேஜையில்தான் இருந்தது.

"அக்ஷதா, ஒண்ணு கேக்கறேன், பயப்படாம சொல்லு. நான் சொன்னேன்னு, உனக்கு மனசில்லாம மாத்தினது ஏதாவது இருக்காம்மா?"

அவள் காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள். சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயோ, அப்படி எதுவுமே இல்ல சார். நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்று சிரித்தாள்.

பதில் சொல்ல அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.